வளைவுச் சிறுநீர்ப்பெருக்கிகளும் இதயத் திறனிழப்பு மூச்சுத்திணறலும்

வளைவுச் சிறுநீர்ப்பெருக்கிகள் என்பன, சிறுநீரகத்தின் ஹென்லே வளைவில் உப்பு மீள உறிஞ்சப்படுவதைத் தடுத்து, உடலிலிருந்து உப்பையும் நீரையும் விரைவாக வெளியேற்றும் மருந்துகள் ஆகும். ஃபுரோசமைடு, டோர்செமைடு, புமெட்டனைடு, எத்தாக்ரினிக் அமிலம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் ஃபுரோசமைடே மிகப் பரவலாகப் பயன்படுவது. லாசிக்ஸ் என்னும் வணிகப் பெயரால் இது பலருக்கும் அறிமுகமானது. இதயத்தின் இறைக்கும் திறன் திடீரெனக் குன்றி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை கடும் இதயத் திறனிழப்பு எனப்படும். அந்நிலையில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு முதலில் தரப்படும் மருந்துகளுள் இது ஒன்று.

துன்பம் இருப்பது நுரையீரலில். நோய் இருப்பது இதயத்தில். மருந்து வேலை செய்வதோ சிறுநீரகத்தில். இம்மருந்து நுரையீரலுக்குள் சென்று அங்குள்ள நீரை உறிஞ்சி எடுப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நுரையீரலில் கசிந்த நீர் தானாகவே குருதிக்குத் திரும்புவதற்கு ஏற்ற அழுத்த நிலையை உருவாக்குவதே இதன் பணி. இதனைப் புரிந்துகொள்ள, நீர் அங்கே ஏன் சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நுரையீரலில் நீர் சேர்தல்

மனித இதயம் தொடராக இணைக்கப்பட்ட இரண்டு இறைப்பிகளைக் கொண்டது. வலது கீழறை குருதியை நுரையீரலுக்கு அனுப்புகின்றது. அங்கிருந்து இடது மேலறைக்கு வரும் குருதியை இடது கீழறை உடல் முழுவதற்கும் அனுப்புகின்றது. தொடரில் அமைந்த இரண்டு இறைப்பிகளும் சம அளவிலேயே இறைத்தாக வேண்டும். ஒரு துடிப்புக்கு வலது கீழறை இடதைவிட ஒரு மில்லிலிட்டர் மட்டும் கூடுதலாக அனுப்புவதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 70 துடிப்புகள் எனில், பத்து நிமிடங்களில் 700 மில்லிலிட்டர் குருதி நுரையீரலில் தேங்கிவிடும். உண்மையில் இந்த அளவுக்குப் போவதில்லை. தேக்கத்தால் இடது மேலறையில் அழுத்தம் உயர, அந்த உயர்ந்த அழுத்தம் இடது கீழறையை மேலும் நிரப்பி, அதனை மேலும் வலுவாகச் சுருங்கச் செய்து, இரு பக்கங்களையும் மீண்டும் சமப்படுத்துகின்றது. ஆனால் இதயத் தசை நலிந்திருக்கும்போது இச்சமநிலை மிக உயர்ந்த அழுத்தத்தில்தான் கிட்டுகின்றது. அந்த அழுத்தம் நுரையீரல் சிரைகள் வழியாகப் பின்னோக்கிச் சென்று தந்துகிகளைத் தாக்குகின்றது.

தந்துகியின் சுவர் வழியே நீர் கசிவதைத் தீர்மானிக்கும் விசைகளை 1896 ஆம் ஆண்டில் ஆங்கிலேய உடலியங்கியலாளர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். தந்துகிக்குள் இருக்கும் குருதியின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகின்றது. குருதியில் கரைந்துள்ள அல்புமின் முதலிய புரதங்களின் ஊடுபரவல் அழுத்தம் நீரை உள்ளே பிடித்து வைக்கின்றது. நலமான நுரையீரலில் தந்துகி அழுத்தம் 10 மி.மீ. பாதரச அளவை ஒட்டியே இருக்கும். புரதங்களின் பிடிப்போ ஏறத்தாழ 25 மி.மீ. அப்படியும் சிறிது நீர் எப்போதும் கசிந்துகொண்டுதான் இருக்கின்றது. அதனை நிணநீர் நாளங்கள் திரட்டிக் கொண்டுபோய்விடுகின்றன. தந்துகி அழுத்தம் 18 மி.மீ. அளவைக் கடக்கும்போது கசிவு நிணநீர் நாளங்களின் கொள்ளளவை மீறித் திசு இடைவெளிகளில் நீர் சேரத் தொடங்குகின்றது. 25 மி.மீ. அளவை ஒட்டிச் செல்லும்போது நீர் காற்று நுண்ணறைகளுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றது. இதுவே நுரையீரல் நீர்க்கோப்பு. இந்த எண்கள் எல்லோருக்கும் ஒன்றல்ல. பல ஆண்டுகளாக இதயத் திறனிழப்பு உள்ளவர்களில் நிணநீர் நாளங்கள் விரிவடைந்து பழகிவிடுவதால், அவர்கள் இதனினும் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வதுண்டு. நேற்றுவரை நலமாயிருந்து இன்று மாரடைப்பு வந்தவரால் அது இயலாது.

நோயாளி படுத்திருக்கையில் மூச்சுத்திணறல் மிகுவதும், எழுந்து உட்கார்ந்தால் குறைவதும் இந்நோயின் அடையாளங்கள். படுக்கும்போது கால்களிலும் வயிற்றிலும் இருந்த குருதி மார்புக்குத் திரும்புவதால் நுரையீரல் தந்துகிகளின் அழுத்தம் கூடுகின்றது. உறங்கி ஓரிரு மணி நேரம் கழித்து நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து, சன்னலருகே போய் நின்று மூச்சு வாங்குவதாக நோயாளிகள் கூறுவர். பகலில் கால்களில் வீக்கமாக நின்றிருந்த நீர் இரவில் குருதியோட்டத்துக்குள் திரும்புவதே இதற்குக் காரணம். நிலை முற்றும்போது இளஞ்சிவப்பு நிற நுரை சளியாக வெளிவரும்.

குருதியில் ஆக்சிசன் குறைவது மட்டுமே மூச்சுத்திணறல் உணர்வுக்குக் காரணம் அன்று. நீர் ஊறிய நுரையீரல் விறைத்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது. இதனினும் நுட்பமான வேறொரு காரணமும் உண்டு. தந்துகிகளை ஒட்டிய திசு இடைவெளியில் உள்ள நரம்பு முனைகள், அங்கே நீர் சேர்ந்ததும் தூண்டப்பட்டு, வேகசு நரம்பின் வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அதனால் மூச்சு விரைவாகவும் மேலோட்டமாகவும் மாறுகின்றது. இந்த உணர்விகளை 1955 இல் வெளியிட்ட ஆய்வின் மூலம் அறியச் செய்தவர் இந்திய உடலியங்கியலாளர் அவதார் சிங் பெயிண்டல் ஆவார். பின்னாளில் இவை 'ஜே உணர்விகள்' எனப் பெயர் பெற்றன. ஆக்சிசன் அளவு ஓரளவு சீராக உள்ள நோயாளியும் மூச்சுக்குத் தவிப்பது ஏன், தந்துகி அழுத்தம் சிறிது இறங்கிய உடனேயே தவிப்புக் குறைவது ஏன் என்பவற்றை விளங்கிக்கொள்ள இவ்வுணர்விகள் உதவுகின்றன.

சிறுநீரகத்தின் தவறான கணிப்பு

இதயம் நலியும்போது சிறுநீரகங்களுக்கு வரும் குருதியோட்டம் குறைகின்றது. உடலில் குருதியின் மொத்த அளவை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் சிறுநீரகத்தில் இல்லை. அது அறிவது தன்னை வந்தடையும் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் மட்டுமே. எனவே குருதிப்பெருக்கு ஏற்பட்டு உடல் வறண்டுவிட்டதைப் போலவே அது செயல்படுகின்றது. ரெனின் சுரக்கின்றது, அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின், அல்டோசுடெரோன் ஆகியவை கூடுகின்றன, மூளையிலிருந்து வாசோபிரசினும் சுரக்கின்றது. உப்பும் நீரும் உடலிலேயே நிறுத்தப்படுகின்றன. உணர்வி காட்டும் அளவு சரியானதே. அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் தவறானது. காயமுற்று விலங்குகளிடமிருந்து தப்பி ஓடிய உயிரினங்களுக்கு உயிர் காத்த ஏற்பாடு, முதிய வயதில் இதயம் நலிந்தவருக்குக் கேடாக முடிகின்றது. பிடித்து வைக்கப்பட்ட நீர் ஏற்கெனவே நிரம்பி வழியும் நுரையீரல் தந்துகிகளின் அழுத்தத்தை மேலும் ஏற்ற, ஒரு தீச்சுழல் உருவாகின்றது. சிறுநீர்ப்பெருக்கிகள் உடைப்பது இச்சுழலையே.

ஹென்லே வளைவில் நடைபெறுவது

செருமானிய உடற்கூற்றியலாளர் ஃபிரீட்ரிக் ஹென்லே 1862 இல் விவரித்த இவ்வளைவு, சிறுநீரகத்தின் செயல் அலகாகிய நெஃப்ரானில் கொண்டை ஊசி போல் வளைந்து செல்லும் பகுதியாகும். இதன் இன்றியமையாமையை உணரச் சில எண்கள் உதவும். இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் கரைந்துள்ள சோடியத்தைச் சமையலுப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் வரும். இவற்றில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மீள உறிஞ்சப்பட்டு, ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீரே வெளியேறுகின்றது. மீள உறிஞ்சப்படும் சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அண்மைச் சுருள் நுண்குழலிலும், ஏறத்தாழ கால் பங்கு ஹென்லே வளைவின் தடித்த ஏறு பகுதியிலும், மீதியுள்ள சிறு பங்கு சேய்மைச் சுருள் நுண்குழலிலும் சேகரிப்பு நாளத்திலும் உறிஞ்சப்படுகின்றன.

தடித்த ஏறு பகுதியின் செல்களில், நுண்குழலின் உட்புறத்தை நோக்கிய சவ்வில், என்.கே.சி.சி.2 எனப்படும் கடத்திப் புரதம் உள்ளது. இது ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆகிய அயனிகளை ஒன்றாகச் சேர்த்தே செல்லுக்குள் ஏற்றுகின்றது. நான்கு இருக்கைகளும் நிரம்பினாலன்றி வண்டி புறப்படாது. வளைவுச் சிறுநீர்ப்பெருக்கிகள் இக்கடத்தியில் குளோரைடு அமரவேண்டிய இடத்தோடு தொடர்புற்றுப் பிணைந்து, கடத்தலை நிறுத்திவிடுகின்றன. உறிஞ்சப்பட்டிருக்க வேண்டிய உப்பு நுண்குழலிலேயே தங்கிக் கீழே பாய்கின்றது. சேய்மைப் பகுதிகளால் இவ்வளவு பெரிய சுமையை ஈடுசெய்ய இயலாது.

உப்பின் அளவு மட்டுமே இம்மருந்துகளின் வலிமைக்குக் காரணம் அன்று. தடித்த ஏறு பகுதியின் சுவர் நீரை ஊடுருவ விடாது. உப்பு மட்டும் வெளியேற்றப்படுவதால் சிறுநீரகத்தின் அகணிப் பகுதி மிகுந்த உப்புச் செறிவை அடைகின்றது. பின்னர் சேகரிப்பு நாளத்திலிருந்து நீரை இழுத்துச் சிறுநீரைச் செறிவூட்டுவது இந்த உப்புச் செறிவே. வெப்பப் பரிமாற்றிகளில் எதிரெதிரே பாயும் இரு நீரோட்டங்கள் வெப்பநிலை வேறுபாட்டைப் பேணுவதை அறிந்த பொறியியல் மாணவர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் புரியும். கடத்தி நின்றுபோனால் அகணியின் செறிவு கரைந்துவிடுகின்றது. வாசோபிரசின் எவ்வளவு சுரந்தாலும் நீரை இழுப்பதற்கு விசை இல்லை. எனவே உப்போடு நீரும் பெருமளவில் வெளியேறுகின்றது. தயசைடு வகை மருந்துகள் வடிகட்டப்பட்ட சோடியத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரையே வெளியேற்ற வல்லவை. வளைவுச் சிறுநீர்ப்பெருக்கிகளோ 20 முதல் 25 விழுக்காடு வரை வெளியேற்ற வல்லவை.

என்.கே.சி.சி.2 கடத்திக்குரிய மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ளவர்களுக்கு பார்ட்டர் நோய்க்கூட்டறிகுறி ஏற்படுகின்றது. உப்பும் பொட்டாசியமும் ஓயாமல் வெளியேறும் அக்குழந்தைகளின் நிலை, வாழ்நாள் முழுதும் ஃபுரோசமைடு உட்கொள்பவரின் நிலையை ஒத்தது. இம்மருந்தின் செயலிடத்துக்கு இயற்கையே அளித்த சான்று எனலாம்.

மருந்து செயலிடத்தை அடையும் வழி

ஃபுரோசமைடு குருதியில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அல்புமினோடு பிணைந்தே உலவுகின்றது. பிணைந்த மருந்து சிறுநீரக வடிகட்டியைக் கடக்க முடியாது. எனவே அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் கரிம எதிரயனிக் கடத்திகளின் மூலம் அதனைக் குருதியிலிருந்து பிடித்து நுண்குழலுக்குள் சுரக்கின்றன. அங்கிருந்து அது சிறுநீரோடு மிதந்து சென்றே தன் இலக்கை உட்புறமிருந்து அடைகின்றது. நடைமுறையில் பல புதிர்களுக்கு இச்சிறு செய்தியே விடை. சிறுநீரகம் பழுதுற்றவர்களில் உடலில் சேரும் கழிவு அமிலங்கள் அதே கடத்திகளுக்குப் போட்டியிடுவதால், மருந்து போதிய அளவில் நுண்குழலை அடைவதில்லை; கூடுதல் அளவு தேவைப்படுகின்றது.

மாத்திரையாக உட்கொள்ளும்போது ஃபுரோசமைடில் சராசரியாகப் பாதியளவே குருதியை அடைகின்றது. இது ஆளுக்கு ஆள் 10 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடு வரை வேறுபடக்கூடியது. டோர்செமைடும் புமெட்டனைடும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீராக உறிஞ்சப்படுகின்றன. இதயத் திறனிழப்பில் குடலின் சுவரிலும் நீர் கோத்துக்கொள்வதால் மாத்திரை உறிஞ்சப்படும் வேகம் குறைகின்றது. வீட்டில் மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டு வந்தவருக்கும் அது பலனளிக்காமல் போவதற்கும், அதே மருந்து ஊசியாகத் தரப்பட்டதும் சிறுநீர் பெருகுவதற்கும் இதுவே காரணம். சிரைவழி ஊசி ஏறத்தாழ 5 நிமிடங்களில் செயல்படத் தொடங்கி, அரை மணியில் உச்சம் பெற்று, இரண்டு மணி நேரம் நீடிக்கின்றது. மாத்திரையின் விளைவு ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடிக்கும். லாசிக்ஸ் என்னும் பெயர் இந்த ஆறு மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலிருந்து வந்ததாகக் கூறுவர்.

மூச்சுத்திணறல் தணியும் வழி

சிறுநீராக வெளியேறும் நீர் முதலில் குருதியின் பிளாஸ்மாவிலிருந்தே எடுக்கப்படுகின்றது. ஒருவரின் உடலில் பிளாஸ்மா ஏறத்தாழ மூன்று லிட்டர்தான். மருத்துவமனையில் முதல் நாளில் மூன்று லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்கும் நோயாளிகள் உள்ளனர். முழுவதும் பிளாஸ்மாவிலிருந்தே போனால் அவர்கள் பிழைத்திருக்க முடியாது. எனவே வெளியேறும் அளவை ஈடுசெய்யத் திசு இடைவெளியிலிருந்து நீர் தொடர்ந்து குருதிக்குள் திரும்புகின்றது என்பது தெளிவு. இது பிளாஸ்மா மீள்நிரப்பு எனப்படும்.

நிகழ்வுகளின் வரிசை இவ்வாறு அமைகின்றது. சிறுநீர் வெளியேற்றத்தால் பிளாஸ்மாவின் கன அளவு சிறிது குறைகின்றது; சிரைகளின் வழியே இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகின்றது; இடது மேலறையின் அழுத்தம் இறங்குகின்றது; நுரையீரல் தந்துகிகளின் அழுத்தமும் இறங்குகின்றது. நீர் வெளியேறியதால் குருதியில் புரதங்களின் செறிவு சிறிது கூடி, அவற்றின் பிடிப்பும் வலுக்கின்றது. ஸ்டார்லிங்கின் தராசு இப்போது மறுபக்கம் சாய்கின்றது. புதிய கசிவு குறைந்துவிடுவதால், திசு இடைவெளியில் நின்ற நீரைத் தந்துகிகளும் நிணநீர் நாளங்களும் மெல்ல அகற்றுகின்றன. நுண்ணறைகளுக்குள் புகுந்துவிட்ட நீர் வெளியேறும் முறை வேறு. நுண்ணறைச் சுவரின் செல்கள் சோடியத்தைத் தம் வழியே வெளியே கடத்த, நீர் அதனைப் பின்தொடர்கின்றது. இது இம்மருந்தின் செயல் அன்று; நுரையீரலின் சொந்த உழைப்பு. அழுத்தம் இறங்காதவரை அந்த உழைப்பு ஓட்டைப் படகில் நீர் இறைப்பது போன்றது. மருந்து ஓட்டையைச் சிறிதாக்குகின்றது எனலாம்.

பிளாஸ்மா குறைந்தால், முன்னரே நலிந்த இதயம் இன்னும் குறைவாக இறைக்காதா என்னும் ஐயம் எழக்கூடும். விரிந்து நலிந்த இதயத்தில் நிரப்பு அழுத்தத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழத் தட்டையான கோடாக இருக்கும். அங்கே அழுத்தத்தை 30 மி.மீ. அளவிலிருந்து 18 மி.மீ. அளவுக்குக் குறைத்தாலும் வெளியேற்றம் பெரிதும் குறைவதில்லை. விரிந்த கீழறை சுருங்குவதால் ஈரிதழ் வால்வின் பின்கசிவு குறைந்து, வெளியேற்றம் கூடுவதும் உண்டு. ஆனால் தசை தடித்து விறைத்துச் சிறுத்த கீழறை உள்ளவர்களில் அக்கோடு செங்குத்தானது. அவர்களுக்குச் சிறிது அதிகமாக நீரை அகற்றிவிட்டாலும் குருதி அழுத்தம் விழுந்துவிடும்.

சிறுநீருக்கு முன்பே வரும் தணிவு

ஊசி போட்ட சில நிமிடங்களில், சிறுநீர் பெருகுவதற்கு முன்பே, மூச்சு எளிதாவதாகப் பல நோயாளிகள் கூறுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தனர். 1973 இல் லாசு ஏஞ்சலசு நகரைச் சேர்ந்த தீட்சித்தும் உடன் ஆய்வாளர்களும் மாரடைப்புக்குப் பின் இதயத் திறனிழப்புற்ற 20 நோயாளிகளுக்கு ஃபுரோசமைடைச் சிரைவழி அளித்து அளவீடுகள் செய்தனர். 5 முதல் 15 நிமிடங்களுக்குள் இடது கீழறையின் நிரப்பு அழுத்தம் சராசரியாக 20.4 மி.மீ. அளவிலிருந்து 14.8 மி.மீ. அளவுக்கு இறங்கியது, சிரைகளின் கொள்ளளவு 52 விழுக்காடு கூடியது. சிறுநீர் வெளியேற்றம் உச்சம் பெற்றதோ 30 ஆவது நிமிடத்தில். மருந்து முதலில் சிரைகளை விரித்துக் குருதியை அவற்றில் தங்கவைக்கின்றது என்று அவர்கள் முடிவு செய்தனர். சிறுநீரகத்திலிருந்து வெளிப்படும் புரோசுடாகிளாண்டின்கள் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன.

பாடநூல்கள் பலவற்றில் இச்செய்தி இத்துடன் நின்றுவிடுகின்றது. ஆனால் 1985 இல் ஃபிரான்சிசும் உடன் ஆய்வாளர்களும் நாட்பட்ட கடுமையான இதயத் திறனிழப்பு உள்ள 15 நோயாளிகளிடம் இதற்கு நேர்மாறானதைக் கண்டனர். ஊசிக்குப் பின் முதல் 20 நிமிடங்களில் ரெனின், நார் எபிநெஃப்ரின் ஆகியவை கூடி, தமனிகள் சுருங்கி, நிரப்பு அழுத்தம் உயர்ந்தது. சிறுநீர் நன்கு வெளியேறிய பின்னரே அது இறங்கியது. இரண்டு முடிவுகளும் முரண்பட்டவை அல்ல எனக் கொள்ளலாம். புதிதாக நோயுற்றவரின் நாளங்களும், நீண்டகாலமாக ரெனின் மிகுந்த நிலையில் வாழ்பவரின் நாளங்களும் ஒரே மருந்துக்கு ஒரே விதமாக விடையளிப்பதில்லை. எனவே இந்த முன்தணிவை எல்லா நோயாளிகளிடமும் எதிர்பார்க்க முடியாது.

மருந்தளவு

ஃபுரோசமைடின் விளைவு மருந்தளவோடு நேர்கோட்டில் கூடுவதில்லை. நுண்குழலில் குறிப்பிட்ட செறிவை எட்டும்வரை ஏறத்தாழ ஒன்றும் நிகழாது. அதைக் கடந்ததும் விளைவு செங்குத்தாக ஏறி, ஓர் எல்லையில் நின்றுவிடும். எல்லையை எட்டிய பின் அளவைக் கூட்டினால் பக்க விளைவுகளே மிஞ்சும். வாசலை எட்டாத அளவை நாளுக்கு நான்கு முறை கொடுப்பதும் பயனற்றதே.

ஐரோப்பிய இதயவியல் கழகம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முன்னர் சிறுநீர்ப்பெருக்கி உட்கொள்ளாதவருக்கு 20 முதல் 40 மி.கி. ஃபுரோசமைடும், உட்கொண்டு வந்தவருக்கு அவரது நாளாந்த அளவைப்போல் ஒன்று முதல் இரண்டு மடங்கும் சிரைவழி தரப்படுகின்றன. இரண்டு மணி நேரத்துக்குப் பின் சிறுநீரின் சோடியச் செறிவு அளக்கப்படுகின்றது. அது லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் குறைவாகவோ, முதல் ஆறு மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 100 முதல் 150 மில்லிலிட்டருக்குக் குறைவாகவோ இருந்தால், அளவு இரட்டிக்கப்படுகின்றது. மறுநாள் காலைவரை காத்திருந்து பார்க்கும் பழைய வழக்கத்துக்கு இது மாற்றாகும்.

இடைவிட்டுத் தரப்படும் ஊசியா, தொடர் சொட்டாகத் தருவதா என்னும் நீண்டகால விவாதத்துக்கு 2011 இல் வெளியான, 308 நோயாளிகளைக் கொண்ட டோஸ் ஆய்வு விடை தேடியது. இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாத்திரையாக உட்கொண்ட அளவைப்போல் இரண்டரை மடங்கு பெற்றவர்களில் மூச்சுத்திணறல் தணிவும் எடைக் குறைவும் ஓரளவு கூடுதலாக இருந்தன. அவர்களில் கூடுதலானோருக்குச் சிறுநீரகச் செயற்பாடு தற்காலிகமாகக் குன்றியது.

உடலில் நீர் மிகாத நிலையில்

நுரையீரலில் நீர் இருப்பதால் உடலிலும் நீர் மிகுந்திருக்கும் என்று கொள்வது பிழையாகலாம். மிகை குருதி அழுத்தம் உள்ளவர்களில் அழுத்தம் திடீரெனப் பொங்கி எழும்போது, ஓரிரு மணி நேரத்தில் நுரையீரல் நீரால் நிரம்பிவிடுவதுண்டு. நேற்றைய எடைக்கும் இன்றைய எடைக்கும் வேறுபாடே இராது. வயிற்றுப் பகுதிச் சிரைகள் சுருங்கி, அவற்றில் தங்கியிருந்த குருதி மார்புக்குத் தள்ளப்படுவதும், சுருங்கிய தமனிகளை எதிர்த்து இடது கீழறை இறைக்க இயலாமற் போவதும் இதற்குக் காரணங்கள். இங்கே நீர் இடம் மாறியதே சிக்கல். 1998 இல் இசுரேலில் கோட்டரும் உடன் ஆய்வாளர்களும் கடும் நுரையீரல் நீர்க்கோப்புற்ற 104 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வில், நைட்ரேட்டை மிகுதியாகவும் ஃபுரோசமைடைக் குறைவாகவும் பெற்றவர்களில் 13 விழுக்காட்டினருக்கே செயற்கை மூச்சுக் கருவி தேவைப்பட்டது. ஃபுரோசமைடை மிகுதியாகவும் நைட்ரேட்டைக் குறைவாகவும் பெற்றவர்களில் அது 40 விழுக்காடு. முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்துவதும் இத்தகையோருக்குப் பெரிதும் துணைபுரிகின்றது. இவ்வகை நோயாளியிடமிருந்து மூன்று லிட்டர் நீரை எடுத்துவிட்டால், தாக்கம் தணிந்த மறுநாள் அவர் வறட்சியுற்றுச் சிறுநீரகப் பழுதோடு காணப்படலாம்.

மருந்துக்கு எதிர்ப்பு

தொடர்ந்து தரப்படும்போது இம்மருந்தின் விளைவு குறைந்துகொண்டே வரும். முதல் நாள்களில் நீரிழப்பைக் கண்ட உடல் ரெனினைக் கூட்டுகின்றது. வாரங்கள் செல்லச் செல்ல, உப்புச் சுமை மிகுந்த சேய்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் பருத்து, மேலே விடுபட்ட சோடியத்தைக் கீழே பிடித்துக்கொள்கின்றன. அப்பகுதியைத் தடுக்கும் மெட்டோலசோன் போன்ற மருந்தைச் சேர்ப்பது இதற்குத் தீர்வு. ஆனால் இக்கூட்டு சில வேளைகளில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெள்ளத்தைத் திறந்துவிடுவதால், நாள்தோறும் பொட்டாசியத்தை அளந்து பார்க்க வேண்டியுள்ளது. அண்மைச் சுருள் நுண்குழலில் செயல்படும் பழைய மருந்தாகிய அசெட்டசோலமைடை ஃபுரோசமைடு வகையோடு சேர்த்துப் பார்த்த பெல்சிய ஆய்வு 2022 இல் வெளியானது. 519 நோயாளிகளில், அதனைப் பெற்றவர்களில் 42.2 விழுக்காட்டினருக்கு மூன்று நாள்களுக்குள் நீர்த்தேக்கம் நீங்கியது; பெறாதவர்களில் இது 30.5 விழுக்காடு.

வலி நிவாரணிகளாகிய இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை புரோசுடாகிளாண்டின்களைத் தடுத்து ஃபுரோசமைடின் விளைவைக் குறைக்கின்றன. மூட்டு வலிக்காகக் கடையில் தாமே வாங்கி உட்கொண்ட இம்மாத்திரைகளே, நன்றாயிருந்த நோயாளி மீண்டும் மூச்சுத்திணறலோடு வரக் காரணமாவதுண்டு.

பக்க விளைவுகள்

பொட்டாசியக் குறைவே முதன்மையானது. இது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். தடித்த ஏறு பகுதியில் உள்ள மின்னழுத்தம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உறிஞ்ச உதவுவதால், கடத்தி நின்றதும் அவையும் சிறுநீரோடு இழக்கப்படுகின்றன. யூரிக் அமிலம் கூடிக் கீல்வாதம் தோன்றலாம். உட்செவியின் நீர்மத்தைப் பேணும் செல்களில் என்.கே.சி.சி.2 கடத்திக்கு நெருங்கிய உறவான என்.கே.சி.சி.1 இருப்பதால், பெருமளவு மருந்தை மிக வேகமாகச் செலுத்தினால் காது இரைச்சலும் கேள்விக் குறையும் ஏற்படலாம். உயர்ந்த அளவுகள் நிமிடத்திற்கு 4 மி.கி. என்னும் வேகத்துக்கு மிகாமல் மெதுவாகச் செலுத்தப்படுவது இதனால்தான்.

இம்மருந்துகள் மூச்சுத்திணறலைத் தணிப்பதில் ஐயமில்லை எனினும், அவை இதயத் திறனிழப்பில் ஆயுளை நீட்டிக்கின்றன என்பதைப் பெரிய ஆய்வு எதுவும் நிறுவவில்லை. மருந்தின்றி நோயாளிகளை விட்டு ஒப்பிடுவது அறமாகாது என்பதால் அத்தகைய ஆய்வு நடைபெறும் என்றும் எதிர்பார்ப்பதற்கில்லை. ஃபுரோசமைடையும் டோர்செமைடையும் 2859 நோயாளிகளிடம் ஒப்பிட்ட, 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய்க்குக் குருதியை வடித்தெடுப்பதும், வீங்கிய கால்களில் சிறு குழாய்களைச் செருகி நீரை வடிப்பதும் வழக்கமாயிருந்தன. 1919 இல் வியன்னாவில், சிபிலிசு நோய்க்காகப் பாதரசச் சேர்ம ஊசி பெற்ற நோயாளியின் சிறுநீர் பன்மடங்கு கூடியதை மருத்துவ மாணவராயிருந்த ஆல்ஃபிரட் வோகல் கவனித்தார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பாதரச மருந்துகளே கோலோச்சின. அவற்றின் நச்சுத்தன்மை வேறு வழியின்றிப் பொறுத்துக்கொள்ளப்பட்டது.

மாற்று, எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நுண்ணுயிர்க் கொல்லியாகிய சல்ஃபானிலமைடு உட்கொண்டவர்களின் சிறுநீரில் சோடியம் கூடுவது 1930களில் கவனிக்கப்பட்டது. 1949 இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் சுவார்ட்சு அதனை இதயத் திறனிழப்பு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார். நீர் வெளியேறியது, ஆனால் நெடுநாள் பயன்படுத்த இயலாதவாறு நச்சுத்தன்மை இருந்தது. அம்மூலக்கூற்றை மாற்றியமைக்கும் முயற்சிகளிலிருந்து 1950களில் அசெட்டசோலமைடும், பின்னர் குளோரோதயசைடும் பிறந்தன. அதே வழியில் செருமனியின் ஹெக்சுட் நிறுவனத்தில் உருவான ஃபுரோசமைடு 1964 இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மெர்க் நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்து வந்த எத்தாக்ரினிக் அமிலம் சல்ஃபா வகையைச் சாராதது. எனவே ஃபுரோசமைடுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இன்றும் அது மாற்றாக உள்ளது. இம்மருந்துகள் எக்கடத்தியைத் தடுக்கின்றன என்பது மூலக்கூற்று அளவில் தெளிவானது 1990களிலேயே. அதற்குள் முப்பது ஆண்டுகளாக அவை பயன்பாட்டில் இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் ஃபுரோசமைடு இடம்பெற்றுள்ளது.

பந்தயக் குதிரைகளுக்கும் இம்மருந்து அளிக்கப்படுகின்றது. முழு வேகத்தில் ஓடும் குதிரையின் நுரையீரல் தந்துகிகளில் அழுத்தம் மிக உயர்ந்து, அவை வெடித்துக் குருதி கசிவதைக் குறைக்க, வட அமெரிக்காவில் பந்தயத்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் முன்னதாக ஃபுரோசமைடு ஊசி போடுவது நெடுங்கால வழக்கம். அண்மை ஆண்டுகளில் இதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு வருகின்றன. விளையாட்டு வீரர்கள் சிறுநீர்ப்பெருக்கிகளைப் பயன்படுத்துவதை உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை தடை செய்துள்ளது. அங்கே அச்சம், சிறுநீரை நீர்க்கச் செய்து பிற மருந்துகளின் தடயத்தை மறைப்பார்கள் என்பது.